ரொறன்ரோவில் இருக்கும் மகனுக்கு

அன்பு மகனுக்கு,

நாங்கள் சுகம். கிணறு இந்த முறை வற்றவில்லை, முருங்கைதான் காற்றுக்கு முறிந்துவிட்டது. இதற்கு மேல் ஊர்ப் புதினம் எழுத மனம் வரவில்லை.

ஈரல் மாற்றின பிறகும் ஹெபடைடிஸ் சி வைரஸ் திரும்பி வந்த கதையைத் தங்கச்சி சொல்லித்தான் அறிந்தேன். நீ சொல்லவில்லை. சரி, நானும் கேட்கவில்லை. அம்மாவுக்கு இன்னும் தெரியாது. ஆனால் "புது ஈரலுக்கும் வந்திட்டுது, இனி என்ன" என்று தங்கச்சியிடம் சொன்னாயாமே? ஒபரேஷன் அவசரத்தில் முதலே மருந்து தர நேரம் இருக்கவில்லை. ரத்தத்தில் வைரஸ் இருந்தால் அது புது ஈரலையும் பிடிக்கத்தான் செய்யும், அநேகமாக எல்லாருக்கும் அப்படித்தான். அதை அப்படியே விட்டால்தான் ஆபத்து. ஐந்து வருடத்துக்குள் நாலைந்து பேரில் ஒருவருக்கு ஈரல் திரும்பவும் சுருங்கிப் போகும்.

முந்தி இந்த வைரஸுக்கு இன்டர்ஃபெரோன் ஊசி. ஈரல் மாற்றிய பத்துப் பேருக்குப் போட்டால் மூன்று பேருக்குக் கேட்கும், காய்ச்சலும் நடுக்கமும் பலருக்கு. இப்போது உனக்கு எழுதித் தந்திருப்பது சொஃபோஸ்புவிர், வெல்பட்டஸ்விர். இரண்டும் சேர்ந்த ஒரே குளிசை, நாளுக்கு ஒன்று, 12 கிழமை. 100 பேரில் 95 பேருக்கு மேல் சுகம். விட்டு விட்டுப் போடாதே. எத்தனை பேருக்குக் குளிசை எண்ணிக் கட்டிக் கொடுத்தவன் நான்! உடம்பு கொஞ்சம் தேறினதும் மிச்சத்தை அலுமாரியில் வைத்துவிட்டு வந்து நிற்பார்கள். நெஞ்செரிவுக்கு ஒமெப்ரசோல் போடுகிறாயென்றால் டொக்டரிடம் சொல்லு, அதோடு போட்டால் இந்த மருந்து சரியாக உடம்பில் சேராது. வைரஸ் குறையக் குறைய, உடம்பு புது ஈரலைத் தள்ளாமல் இருக்கப் போடும் டக்ரோலிமஸ் ரத்தத்தில் இருக்கும் அளவும் இறங்கலாம், ரத்தம் சோதிக்கக் கூப்பிட்டால் சாட்டுச் சொல்லாமல் போ. மாமி கீழ்க்காய்நெல்லித் தூள் பார்சல் அனுப்பப் போகிறாவாம். வந்தால் வாங்கி வை, குடிக்காதே.

1987இல் செல் குண்டு பட்டு உனக்கு ரத்தம் ஏற்றியபோது இந்த வைரஸுக்குப் பேரே கிடையாது, 1989இல்தான் கண்டுபிடித்தார்கள். அதற்காக யாரையும் நோகாதே. அந்த ரத்தம் இல்லாவிட்டால் நீ இல்லை. அந்தக் காலோடு சைக்கிள் மிதித்துப் படித்துக் கம்பஸுக்கு எடுபட்டவன் நீ, ஊரே பார்த்தது. இப்போது ஒரு குளிசைக்குப் பஞ்சிப்படுகிறாய்.

வெள்ளிக்கிழமை பின்னேரங்களில் எடுத்தால் போன் அடித்துக்கொண்டே கிடக்கிறது. யாரோடு இருக்கிறாய் என்று கேட்கவில்லை. சின்னையா எப்படிப் போனார் என்று உனக்குத் தெரியும். யாரோ ஒரு குடும்பம் அழுதழுது சம்மதித்துத் தந்த ஈரல் அது.

குளிசை முடிந்து 12 கிழமையால், ரத்தத்தில் வைரஸ் இருக்கிறதா என்று பார்க்கும் பிசிஆர் எடுப்பார்கள். வைரஸ் வந்துபோன அடையாளத்தைப் பார்க்கும் அன்டிபொடி சோதனை எப்போதும் பொசிட்டிவ் என்றுதான் காட்டும், அதைப் பார்த்துப் பயப்படாதே. பிசிஆர் ரிசல்ட்டைத் தங்கச்சிக்கு அல்ல, எனக்கு அனுப்பு.

குளிசை தொடங்கிவிட்டாயா? வேறொன்றும் எழுதாவிட்டாலும் அதை எழுது. நேரத்துக்குப் போடு.

அப்பா