வாட்ச் கேட்டால் வேலையைக் கேட்கிறோம்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கமுங்க.

போன மாதம் பெருந்துறைப் பக்கமிருந்து ஒரு அண்ணன் கடைக்கு வந்தார். "பையனுக்கு வேலை கெடச்சிருக்குதுங்க. தெனமும் கட்டற மாதிரி நல்ல வாட்சா ஒண்ணு எடுங்க" என்றார். "தம்பிக்கு என்ன வேலைங்க?" என்று கேட்டேன். முகம் சுருங்கிவிட்டது. சம்பளத்தைத் தெரிந்துகொண்டு விலை சொல்லப் போகிறேன் என்று நினைத்துவிட்டார் போல. "வேலைக்கும் வாட்சுக்கும் என்னங்க சம்பந்தம்?" என்றார். அன்றைக்கு அவருக்குச் சொன்ன பதிலை எல்லோருக்குமாக எழுதிவிடலாம் என்றுதான் இந்த மடல். செல் மாற்றும் கூலியில் வரும் 1ஆம் தேதியிலிருந்து ஒரு மாற்றம் இருக்கிறது. அதற்கான காரணமும் இதிலேயே வரும்.

எங்கள் மேஜைக்கு வரும் வாட்சைப் பார்த்தே கட்டியிருந்தவரின் தொழிலைச் சொல்லிவிடலாம். மஞ்சள் மண்டிக்காரர் வாட்சில் சாவியை, அதாவது பக்கவாட்டில் நேரம் வைக்கத் திருகும் குமிழை, சுற்றி மஞ்சள்தூள் பசைபோல் அப்பியிருக்கும். தறிக்குடோனில் இருப்பவர் செயினின் கண்ணிகளுக்குள் பஞ்சு திரிதிரியாகச் சிக்கியிருக்கும். காட்டு வேலை பார்ப்பவர் வாட்சில் கண்ணாடிதான் முதலில் போகும், மண் தேய்த்துத் தேய்த்து டயலே மங்கித் தெரியும். அந்த அண்ணனின் பையனுக்குச் சாயப்பட்டறையில் வேலை. அதைக் கேட்டதும் அவர் கை வைத்திருந்த தங்கநிற செயின் வாட்சை எடுத்து உள்ளே வைத்துவிட்டு, இழுப்பறையிலிருந்து ஒரு பழைய வாட்சை எடுத்துக் காட்டினேன்.

அதுவும் சாயப்பட்டறைக்காரர் ஒருவருடையதுதான். வாங்கி ஒன்றரை வருடம்கூட ஆகவில்லை. மணிக்கட்டில் படும் பக்கம் முலாம் அம்மைத் தழும்புபோல் குழிகுழியாகப் போயிருக்கிறது. பின்மூடியைத் திறந்தால் விளிம்பு முழுக்கப் பச்சைக் களிம்பு. பித்தளைக் குடத்தைப் புளி போட்டுத் தேய்த்த வீடுகளில் இதைத் தெரியாதவர்கள் இருக்க மாட்டார்கள். வியர்வையும் பட்டறை ஆவியும் சேர்ந்து முலாமைத் தின்று, பித்தளையைப் பிடித்து, அந்தக் களிம்பு மெஷின் வரைக்கும் இறங்கியிருக்கிறது. மெஷினில் ஒரு குறையும் இல்லை. கூடு போய்விட்டதால் மெஷினும் போனது.

"ஏனுங்க, பின்னாடி ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்னு எழுதியிருக்குதே?" என்றார் அண்ணன். எழுதியிருப்பதை முழுதாகப் படிக்க வேண்டும். "ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பேக்" என்று இருக்கிறது. பேக் என்றால் முதுகு. முதுகு மட்டும்தான் எஃகு, உடம்பு பித்தளை. கூடும் எஃகாக இருந்தால் பெரும்பாலும் "ஆல் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்" என்றோ, வெறுமனே "ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்" என்றோ போட்டிருப்பார்கள். கையில் அதிகம் வேர்ப்பவர்களும், சாயம், ப்ளீச்சிங், உரம், மருந்து என்று புழங்குபவர்களும் ஒன்று முழு எஃகு வாங்குங்கள், இல்லையென்றால் பிளாஸ்டிக் கூடு வாங்குங்கள். நடுவில் இருப்பதெல்லாம் கல்யாண வீட்டுக்குக் கட்டுவதற்கு.

பிளாஸ்டிக் என்றால் மட்டம் என்று ஒரு எண்ணம் இருக்கிறது. கேசியோ எஃப்-91டபிள்யூ என்று ஒரு டிஜிட்டல் வாட்ச். 1989இல் வந்தது, இன்றைக்கும் அதே உருவத்தில் விற்கிறது. எடை 21 கிராம். ஒரு செல்லுக்கு 7 வருடம் என்று கம்பெனி சொல்கிறது. களிம்பு பிடிக்க அதன் கூட்டில் பித்தளையே கிடையாது. பட்டைதான் நாலைந்து வருடத்தில் வெடிக்கும், அதை மாற்றிக்கொள்ளலாம். அந்தப் பையனுக்கு இதைத்தான் கொடுத்தேன். விலையைக் கேட்டதும், "இவ்வளவுதானுங்களா?" என்று அண்ணனுக்குக் கொஞ்சம் ஏமாற்றம். ஊரில் சொல்லிக்கொள்ள முடியாதாம்!

அடுத்தது தண்ணீர். ஆடிப்பெருக்கு முடிந்த வாரம் எங்கள் கடையில் பாதி வேலை இதுதான். பவானி கூடுதுறையில் முங்கினேன், கொடிவேரி அணையில் குளித்தேன், வாட்சுக்குள் ஆவி கட்டியிருக்கிறது என்று வருவார்கள். "30 மீட்டர்னு போட்டிருக்குதுங்க, கொடிவேரியில இடுப்பளவுகூடத் தண்ணி இல்லீங்களே" என்பார்கள். கேள்வி நியாயமானது. தப்பு அதை எழுதிய விதத்தில் இருக்கிறது. 30 மீட்டர் என்பது நீங்கள் இறங்கும் ஆழம் இல்லை. புது வாட்சை ஆடாமல் அசையாமல் வைத்து, 30 மீட்டர் ஆழத்துக்குச் சமமான அழுத்தம் கொடுத்துப் பார்த்த சோதனையின் பெயர். அணையிலிருந்து விழும் தண்ணீர் அடிக்கிற அடி வேறு. அந்த வாட்சுக்குக் கை கழுவுவதும் மழைத் தூறலும்தான் கணக்கு. வாட்சோடு நீந்த வேண்டும் என்றால் 100 மீட்டர் என்று போட்டதை வாங்குங்கள். கிணற்றில் குதிக்கும் பிள்ளைகளுக்கும் அதுதான். எதுவாக இருந்தாலும் சாவியை இழுத்த நிலையில் தண்ணீர்ப் பக்கம் போகக் கூடாது. செல்லை மிச்சம் பிடிக்கச் சாவியை இழுத்து வைக்கிற பழக்கம் சிலருக்கு உண்டு. பெட்டியில் வைக்கும்போது செய்யுங்கள், கையில் கட்டியிருக்கும்போது வேண்டாம்.

இந்த இடத்தில் எங்கள் தப்பு ஒன்றைச் சொல்ல வேண்டும். இரண்டு வருடம் முன்பு ஒரு டீச்சரம்மா செல் மாற்ற வந்தார். கூட்டமான நேரம். பின்மூடிக்கும் கூட்டுக்கும் நடுவில் ஒரு ரப்பர் வளையம் இருக்கும், நூல் மாதிரி மெல்லிசாக. அது காய்ந்து, ஓரிடத்தில் தட்டையாகி இருந்ததைப் பார்த்தேன். பார்த்தும், "அடுத்த தடவை பார்த்துக்கலாம்" என்று அப்படியே அழுத்தி மூடிவிட்டேன். பத்தே நாளில் பாத்திரம் கழுவும்போது தண்ணீர் ஏறி, மெஷினே துருப்பிடித்துத் திரும்பி வந்தது. அவர் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. புது மெஷினை எங்கள் செலவில் போட்டுக் கொடுத்தோம். ஆனால் அவர் அப்பா வாங்கிக் கொடுத்த வாட்ச் அது, டயலில் விழுந்த கறையை எங்களால் எடுக்க முடியவில்லை.

அதனால்தான் இந்த மாற்றம். இனி வாங்கி இரண்டு வருடம் தாண்டிய எந்த வாட்சுக்குச் செல் போட்டாலும் வளையத்தையும் சேர்த்து மாற்றித்தான் தருவோம். 30 ரூபாய் கூடுதலாக ஆகும். அழுத்தம் பார்க்க ஒரு குடுவையும் வாங்கியிருக்கிறோம். பாதி தண்ணீர், பாதி காற்று. வாட்சைத் தண்ணீருக்கு மேலே தொங்கவிட்டுக் காற்றை ஏற்றுவோம். பிறகு வாட்சைத் தண்ணீருக்குள் இறக்கி, காற்றை மெதுவாகத் திறந்துவிடுவோம். எங்காவது ஓட்டை இருந்தால் அங்கிருந்து குமிழி சரம்சரமாகக் கிளம்பும். பெரும்பாலும் சாவிப் பக்கம்தான். குமிழி வந்தால், தண்ணீர் உள்ளே போவதற்குள் வெளியே எடுத்துவிடுவோம். நின்று பாருங்கள், பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடிக்கிறது.

செல்லைப் பற்றி ஒன்று. முள் வாட்சுகள் பலவற்றில் இருப்பது 626 செல். அதன் பெயருக்கு முன்னால் எஸ்.ஆர். என்று இருந்தால் வெள்ளி ஆக்சைடு, 1.55 வோல்ட். எல்.ஆர். என்றோ ஏ.ஜி.4 என்றோ இருந்தால் சாதா அல்கலைன். அளவு ஒன்றுதான், அட்டை அட்டையாக மலிவாகக் கிடைக்கும். ஆனால் அதில் வோல்டேஜ் சீக்கிரம் இறங்கும், கசியவும் கசியும். நாங்கள் முதல் வகையை மட்டும் போடுகிறோம், விலை வித்தியாசம் அதனால்தான். நின்றுபோன வாட்சைச் செல்லோடு பீரோவில் போட்டு வைக்காதீர்கள். கட்டப் போவதில்லை என்றால் கொண்டுவாருங்கள், செல்லைக் கழற்றிக் கொடுத்துவிடுகிறோம், காசு வேண்டாம்.

வாங்கும்போது நான் பார்ப்பது, இந்த வாட்ச் நாளைக்குக் கெட்டால் ஈரோட்டிலேயே சரிசெய்ய முடியுமா என்பதை. தட்டையான வட்டக் கண்ணாடி உடைந்தால் அரை மணி நேரத்தில் மாற்றிவிடலாம். வளைந்ததும் எட்டு மூலை உள்ளதும் உடைந்தால் கம்பெனிக்குத்தான் போக வேண்டும். பட்டை கோக்கும் இடம் 18, 20, 22 மில்லிமீட்டர் என்று இருந்தால் எந்தப் பெட்டிக்கடையிலும் பட்டை கிடைக்கும். கூட்டோடு சேர்ந்து வார்த்த மாதிரி வரும் பட்டை பார்க்க அழகு, அறுந்தால் வாட்சே வீண். உள்ளே ஜப்பான் மியோட்டா 2035 மாதிரி எங்கும் கிடைக்கிற மெஷின் இருந்தால், அதைப் பழுது பார்ப்பதைவிடப் புதிதாகப் போடுவதே மலிவு. சபையர் கண்ணாடியை மண் கீறாது, உண்மைதான். கடினத்தை அளக்கும் மோஸ் என்ற பத்துப் படி அளவில் மணலில் இருக்கும் குவார்ட்ஸ் 7, சபையர் 9. ஆனால் கல்தரையில் விழுந்து தெறித்தால் அதன் விலைக்கு ஒரு சாதா வாட்சே வாங்கலாம். ஆபீசில் உட்காருபவர்கள் வாங்குங்கள்.

உதிரி கிடைப்பதற்குப் பெங்களூரு ஹெச்.எம்.டி. வாட்ச் கம்பெனியையே உதாரணமாகச் சொல்லலாம். 1961இல் ஜப்பானின் சிட்டிசனோடு சேர்ந்து தொடங்கினார்கள். மாப்பிள்ளைக்கு அவர்களுடைய ஜனதா வாட்ச் போடாத கல்யாணம் குறைவு. 2016இல் கடையைச் சாத்தியும்விட்டார்கள். ஆனாலும் அப்பாரு கட்டியிருந்த ஜனதாவைப் பேரன் கொண்டுவந்தால் இன்றும் ஓடவைக்கிறோம். ஏராளமாய் விற்றதால் உதிரிகள் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கின்றன. ஒரே வருடம் வந்து மறைந்த மாடலுக்கு, எவ்வளவு விலை கொடுத்திருந்தாலும், இந்தக் கொடுப்பினை கிடையாது.

அதற்காகச் சாவி கொடுக்கும் வாட்சையோ, கை அசைவிலேயே சாவி ஏறும் ஆட்டோமேட்டிக்கையோ தினசரி வேலைக்குக் கட்டச் சொல்ல மாட்டேன். எனக்கு உயிர் அதில்தான், அது வேறு. ஒரு நாளைக்குப் பத்து இருபது வினாடி முன்பின் ஓடும். நாலைந்து வருடத்துக்கு ஒருமுறை பிரித்துக் கழுவி எண்ணெய் விட வேண்டும். செல்லில் ஓடும் சாதாரணக் குவார்ட்ஸ் வாட்சுக்கு அந்த இருபது வினாடி வித்தியாசம் ஒரு மாதக் கணக்கு. உள்ளே இருக்கும் சின்னக் கல் துண்டு வினாடிக்கு 32,768 முறை அதிர்கிறது, நம் கை ஆட்டமெல்லாம் அதற்குப் பெரிய விஷயம் இல்லை. மோட்டார் பட்டறைக்காரர்களுக்கும் இதுவே நல்லது. காந்தம் பக்கத்தில் வந்தால் குவார்ட்ஸ் நிற்கும், விலகினால் மறுபடி ஓடும். ஆட்டோமேட்டிக்கில் நேரத்தைக் கட்டுப்படுத்தும் மயிரிழை ஸ்பிரிங் காந்தமேறி, ஒரு நாளில் பல நிமிடம் முன்னால் ஓட ஆரம்பித்துவிடும்.

லேத்தில் நிற்கும் தம்பிகள் மட்டும் வேலை நேரத்தில் எந்த வாட்சும் கட்ட வேண்டாம், மோதிரமும் வேண்டாம். இரும்பைக் கவ்விக்கொண்டு சுற்றுகிற சக்கில் செயின் மாட்டினால் கையையும் சேர்த்து இழுக்கும். விற்கிறவனே கட்டாதே என்கிறானே என்று ஒருவர் சிரித்தார். சிரிக்கட்டும்.

ஸ்மார்ட் வாட்சைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: உள்ளே இருக்கும் பேட்டரி இரண்டு மூன்று வருடத்தில் தளர்ந்துவிடும், அதை நாங்கள் திறப்பதில்லை.

இன்னொன்று. ரிப்பேருக்குக் கொடுத்துவிட்டு வாங்கிப் போகாத வாட்சுகள் எங்கள் இழுப்பறையில் நாற்பதுக்கு மேல் கிடக்கின்றன. சீட்டு தொலைந்திருந்தாலும் பரவாயில்லை. எந்த மாதிரி வாட்ச், எந்தப் பக்கம் கீறல் என்று சொன்னால் போதும், எடுத்துத் தருகிறோம். ஒரு லேடீஸ் வாட்சின் பின்மூடியில் ஊசியால் "கண்ணு" என்று கீறியிருக்கிறது, மூன்று வருடமாக இங்கே இருக்கிறது. செல் மாற்றி வைத்திருக்கிறேன், ஓடிக்கொண்டிருக்கிறது.

இப்படிக்கு,
உங்கள் வாட்ச் கடைக்காரர்,
ஈரோடு