இரத்த மாதிரியின் தரம் குறித்து மருத்துவமனை நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

மருத்துவமனை நிர்வாகிகளுக்கும் செவிலியர் கண்காணிப்பாளர்களுக்கும் வணக்கம்.

உயிர்வேதியியல் ஆய்வகத்தில் நெடுநாளாகப் பணியாற்றும் நுட்பநர் என்ற முறையில் இதை எழுதுகிறேன். வார்டிலிருந்து வந்த குழாயைச் சென்ட்ரிஃபியூஜில் சுழற்றி எடுக்கும்போது, மேலே பிரிந்து நிற்கும், வெளிர்மஞ்சளாக இருக்க வேண்டிய நீர்மமான சீரம் சிவந்து நின்றால், இரத்தம் எடுக்கும்போதோ கொண்டுவரும்போதோ சிவப்பணுக்கள் உடைந்திருக்கின்றன என்றே பெரும்பாலும் பொருள். அந்த அணுக்களுக்குள், அவற்றைச் சுற்றியுள்ள நீர்மமான பிளாஸ்மாவில் உள்ளதைப் போல 20 மடங்குக்கும் மேல் பொட்டாசியம் இருப்பதால், சிறிது உடைந்தாலே முடிவு பொய்யாக உயர்ந்துவிடும். தோலில் தடவிய ஸ்பிரிட் உலருமுன் குத்துவது, சிரிஞ்சின் தண்டை வேகமாக இழுப்பது, மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்த வேண்டிய குழாயைக் குலுக்குவது ஆகியவை இதற்கு வழக்கமான காரணங்கள். கையில் கட்டும் பட்டையான டூர்னிகேவை 1 நிமிடத்துக்கு மேல் இறுக்கி வைத்தால் இரத்தம் அடர்ந்து புரத அளவு கூடும். நரம்பு தெரியட்டும் என்று கையைத் திரும்பத் திரும்ப மூடித் திறக்கச் சொன்னால் பொட்டாசியமும் ஏறும்.

சிவந்த சீரமாவது கண்ணுக்குத் தெரிந்துவிடுகிறது. ஒருமுறை பார்வைக்கு எந்தக் குறையும் இல்லாத மாதிரியில் பொட்டாசியம் ஆபத்தான அளவுக்கு உயர்ந்து 8.1, கால்சியம் மிகவும் குறைந்து 4.2 என்று வந்தது. பதறிப்போய் வார்டுக்குத் தொலைபேசியில் கேட்டால், நோயாளி கட்டிலில் சாய்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருக்கிறாராம். சிவப்பு மூடிக் குழாயில் இரத்தம் போதவில்லை என்று ஊதா மூடிக் குழாயிலிருந்து கொஞ்சம் ஊற்றியிருக்கிறார்கள். ஊதா மூடிக் குழாயில் இரத்தம் உறையாமல் இருக்கச் சேர்த்திருக்கும் ஈடிடிஏ ஒரு பொட்டாசிய உப்பு. அது கால்சியத்தையும் பிடித்துக்கொள்ளும். நாங்கள் கேட்காமல் விட்டிருந்தால் அந்த மனிதருக்குத் தேவையற்ற அவசர சிகிச்சை தொடங்கியிருக்கும். குழாய்களை நிரப்பும் வரிசையில் ஊதாவுக்கு முன்பே சிவப்பு வருவதும் இதனால்தான்.

இரத்தம் உறைதல் சோதனைக்கான நீல மூடிக் குழாயில் இரத்தம் 9 பங்கு, உறையாமல் தடுக்கும் சிட்ரேட் கரைசல் 1 பங்கு என்ற அளவு கட்டாயம். பாதி நிரம்பிய குழாயை நாங்கள் திருப்பி அனுப்புவது பிடிவாதத்தால் அல்ல.

ஒரே ஆளாக வார்டு முழுவதையும் பார்த்துக்கொள்ளும் செவிலியரை நான் குறை சொல்லவில்லை. உண்மையில் எங்கள் பக்கமும் தவறு உண்டு: "மாதிரி சரியில்லை, மறுபடி அனுப்பவும்" என்று மட்டும் எழுதி அனுப்புகிறோம், அதுவும் பெரும்பாலும் அடுத்த ஷிஃப்டில் இருப்பவர் கைக்கே போகிறது. ஆகவே, நிராகரிப்புக்கான காரணம் இரத்தம் எடுத்தவருக்கே போய்ச் சேர ஏற்பாடு செய்யுங்கள். புதிதாகப் பணியில் சேரும் ஒவ்வொரு செவிலியரையும் இரத்தம் எடுப்பவரையும் ஒரு முற்பகலாவது ஆய்வகத்துக்கு அனுப்பிவையுங்கள். உடைந்த மாதிரியையும் நல்ல மாதிரியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்ட நாங்கள் காத்திருக்கிறோம்.

இப்படிக்கு,
ஓர் ஆய்வக நுட்பநர்