எனக்குத் தலை வலிக்கிறது

அன்புள்ள மாப்பிள்ளை,

எட்டு மாதமாக ஒரு வரிகூட எழுதவில்லை. தப்பு என்னுடையதுதான், திட்டிக்கொள். இங்கே எல்லாரும் நலம், ஸ்பெயினின் இந்தச் சலமான்கா ஊரில் குளிர் விட்டுவிட்டது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் முடிந்ததா? மறக்காமல் எழுது.

போன மாதம் தலைவலி மாத்திரை வாங்கப் போனேன். ஸ்பானிஷில் 'மி கபேத்தா', அதாவது 'என் தலை' என்று ஆரம்பித்தேன். மருந்துக்கடை அம்மா சிரித்த முகத்தோடு திருத்தினார்: "மே துவேலே லா கபேத்தா." எனக்கு வலிக்கிறது, தலை. அப்படியே நம்ம 'எனக்குத் தலை வலிக்கிறது'! 'என்' எங்கேயும் இல்லை. கை கழுவுவதும் அப்படித்தான்: 'மே லாவோ லாஸ் மானோஸ்'. நாமும் 'கை கழுவிக்கொண்டேன்' என்றுதானே சொல்வோம், 'என் கையை' என்றா சொல்வோம்? நாலாம் வேற்றுமைக்காக தமிழய்யா உன் தலையில் குட்டிய குட்டெல்லாம் வீண் போகவில்லை மாப்பிள்ளை.

ஆனால் இந்த 'சு' இருக்கிறதே, அதுதான் உயிரை வாங்குகிறது. அவனுடைய, அவளுடைய, அவர்களுடைய, மரியாதையாக உங்களுடைய, எல்லாவற்றுக்கும் ஒரே 'சு'. கூட வேலை செய்கிற பெண் தன் அண்ணனையும் அண்ணியையும் பற்றிப் பேசிவிட்டு 'சு காசா' என்றாள். அண்ணன் வீடா, அண்ணியின் வீடா, இரண்டு பேர் வீடுமா? கேட்ட பிறகுதான் 'தே எயா', அவளுடையது, என்றாள். 'நுவேஸ்த்ரா காசா' என்றாலும் அதே கதை. அது நம் வீடா, எங்கள் வீடா? என்னையும் சேர்த்துச் சொல்கிறார்களா என்று அந்தச் சொல்லை வைத்துத் தெரியவே தெரியாது. நமக்கு அது எவ்வளவு பெரிய வித்தியாசம்!

சரி, எழுத உட்கார்ந்தது இதற்காக இல்லை. கீழ் வீட்டுப் பாட்டியின் நாய் போன வாரம் செத்துவிட்டது. படிக்கட்டில் என்னை நிறுத்தி, "சே மே ஆ முவேர்த்தோ எல் பேர்ரோ" என்றார். 'என் நாய்' என்று சொல்லவில்லை. நாய் செத்துப்போனது, அதுவும் எனக்கு. அந்த 'மே' தலைவலியில் வந்த அதே 'மே'தான். வலி எனக்கு, சாவும் எனக்கு. தமிழில் இதை அப்படியே சொல்ல முடியவில்லை, முயன்று பார்த்தேன். 'என்னை விட்டுப் போய்விட்டது' என்பது கிட்டே வருகிறது, ஆனால் அதில் போனவர்தான் முன்னால் நிற்கிறார்.

அப்பா இறந்த இரவு உனக்குப் போன் செய்து "அப்பா போயிட்டார்டா" என்றேன். நீ வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. அந்த வாக்கியத்தில் நான் எங்கேயும் இல்லை என்பது இப்போதுதான் உறைக்கிறது. நீ அன்றைக்கே புரிந்துகொண்டாய் என்று நினைக்கிறேன்.

தமிழய்யா இன்னும் அதே தெருவில்தான் இருக்கிறாரா? பார்த்தால் அந்த மருந்துக்கடைக் கதையை அவரிடம் சொல்.

உன்,
கடைசி பெஞ்சுக்காரன்