வளாகத்துக்குத் தார்த்தளம் போடுவோர் கவனத்துக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன் முடித்துவிட வேண்டும் என்று திருமண மண்டபம், கிடங்கு, அரிசி ஆலை, பெட்ரோல் பங்க் என்று பல வளாகங்களில் தார்த்தளம் போடும் வேலை வேகமெடுக்கும் நேரம் இது. இரண்டு மூன்று கொட்டேஷன் வாங்கி, சதுர அடிக்கு யார் குறைவாகக் கேட்கிறாரோ அவருக்கே வேலையைக் கொடுத்துவிடுகிறார்கள். அந்த ஒற்றை எண்ணை வைத்துத் தளம் எத்தனை வருடம் தாங்கும் என்று சொல்லவே முடியாது. எந்த மண்ணின் மேல், எத்தனை அடுக்கு, ரோலர் ஓடி இறுகிய பிறகு ஒவ்வொன்றும் எவ்வளவு கனம், எந்தத் தரத் தார் என்ற நான்கும் எழுத்தில் வந்தால்தான் ஒரு கொட்டேஷனை இன்னொன்றோடு ஒப்பிட முடியும்.

எந்த வண்டி வந்து நிற்கப்போகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். அச்சின் சுமை இரண்டு மடங்கானால் தளத்துக்கு வரும் சேதம் ஏறத்தாழ பதினாறு மடங்காகும் என்பது சாலைத் துறையின் பழைய கணக்கு. அதனால் நூறு கார் வருகிறது, இருநூறு கார் வருகிறது என்பது முக்கியமே இல்லை; லாரி வருகிறதா என்பதுதான் கேள்வி. 'எங்கள் மண்டபத்துக்குக் கார்தான் வரும்' என்பவர்கள் தண்ணீர் லாரியை மறந்துவிடுகிறார்கள். 12,000 லிட்டர் லாரி என்றால் தண்ணீர் மட்டுமே 12 டன். அது தினமும் சம்ப் ஓரம் அதே இடத்தில் நிற்கிறது, அங்கேயே தண்ணீரைக் கொட்டுகிறது, நின்ற இடத்திலேயே ஸ்டீயரிங்கைத் திருப்புகிறது. வளாகத்தில் முதல் பள்ளம் விழுவது பெரும்பாலும் அங்கேதான். கிடங்கு வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நான்கு டயர் உள்ள ஒற்றை அச்சுக்கான சட்டப்படியான சுமை 2018-ல் 10.2 டன்னிலிருந்து 11.5 டன்னாக உயர்த்தப்பட்டது. சேதம் சுமையின் நான்காம் படிக்கு ஏற்பக் கூடும் என்ற மேற்சொன்ன அதே கணக்கில் பார்த்தால் ஒரு முழுச்சுமை அச்சு செய்யும் சேதம் சுமார் 60 சதவீதம் கூடிவிட்டது. பத்து வருடத்துக்கு முன் போட்ட தளத்தின் அளவையே இப்போதும் கொடுத்தால் போதாது.

அடுத்தது மண். செம்மண், கிராவல் பூமி என்றால் கவலை குறைவு. கோவில்பட்டி, விருதுநகர், கோவைப் பகுதிகளில் உள்ள கரிசல் மண் மழையில் உப்பி, வெயிலில் சுருங்கி வெடிக்கும். அதன் மேல் எவ்வளவு தார் கொட்டினாலும் கீழே உள்ள வெடிப்பு மேலே வந்தே தீரும். கரிசலை அரை மீட்டராவது வெட்டி எடுத்துவிட்டு நல்ல கிராவல் நிரப்பி இறுக்க வேண்டும். அல்லது மண்ணைச் சோதித்துப் பார்த்து 3 முதல் 5 சதவீதம் சுண்ணாம்பு கலந்து இறுக்க வேண்டும். மண்ணின் சுமை தாங்கும் திறனைக் காட்டும் சிபிஆர் மதிப்பு 5-க்குக் கீழே இருந்தால் அப்படியே தளம் போடக் கூடாது. இந்தச் சோதனையைப் பல பொறியியல் கல்லூரி ஆய்வகங்களிலேயே செய்து தருகிறார்கள். மொத்த வேலைச் செலவோடு பார்த்தால் அதற்கான கட்டணம் மிகச் சிறியது.

கார், டூவீலர் மட்டும் வரும் இடத்துக்கு இறுகிய கனத்தில் 150 மி.மீ. கிராவல்-ஜல்லி அடித்தளம், அதன் மேல் 150 மி.மீ. வெட் மிக்ஸ் (தண்ணீர் கலந்து பரப்பி இறுக்கும் ஜல்லிக் கலவை), மேலே 40 மி.மீ. பிட்டுமினஸ் கான்கிரீட் (மேல்தளத் தார்க்கலவை) என்பது நியாயமான அளவு. சுமை லாரி வந்து போகும் இடத்துக்கு அடித்தளம் 200, வெட் மிக்ஸ் இரண்டு அடுக்காக 250, பிறகு டிபிஎம் எனப்படும் கனமான தார்க்கலவை 50 முதல் 75, கடைசியாக 40 மி.மீ. மேல்தளம் வேண்டும். வளாகம் முழுக்க இதைப் போடத் தேவையில்லை. லாரி போகும் பாதையையும் திரும்பும் இடத்தையும் வரைபடத்தில் குறித்து அங்கே மட்டும் கனத்தைக் கூட்டினால் செலவு கட்டுக்குள் நிற்கும்.

தார் என்றால் எல்லாம் ஒன்றல்ல. ஐஎஸ் 73 தரவரையறைப்படி விஜி-10, விஜி-20, விஜி-30, விஜி-40 என்று நான்கு வகை உண்டு. எண் கூடக் கூடத் தார் கெட்டி. கார் நிறுத்துமிடத்துக்கு விஜி-30 போதும். சித்திரை வெயிலில் கறுப்புத் தளம் 60 டிகிரியைத் தாண்டும். அப்போது சுமையோடு மணிக்கணக்கில் நிற்கும் லாரிக்கு அடியில் விஜி-30 மெதுவாக நெளிந்து சக்கரத் தடம் பதியும். அங்கே விஜி-40 கேளுங்கள். சுத்திகரிப்பு ஆலையின் சோதனைச் சான்றிதழ் நகலையும் பில்லோடு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மேல்தளக் கலவையில் 13.2 மி.மீ. ஜல்லி வகைக்குத் தார் குறைந்தது 5.4 சதவீதம் இருக்க வேண்டும் என்கிறது மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் விவரக்குறிப்பு. இதில் அரை சதவீதம் குறைத்தாலும் போட்ட அன்று கண்ணுக்குத் தெரியாது. ஒரு மழைக்குப் பிறகு ஜல்லி உதிரத் தொடங்கும். கிரானைட் வகைக் கல் தாரைவிடத் தண்ணீரோடுதான் எளிதில் ஒட்டும். ஆகவே கலவையில் நீற்றிய சுண்ணாம்புத் தூள் 2 சதவீதம் சேர்ப்பது மழைநீர் நிற்கும் வாய்ப்புள்ள வளாகங்களுக்கு நல்ல காப்பு.

பிளாஸ்டிக் கலந்த தாரைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் ஆர். வாசுதேவன் உருவாக்கிய முறை அது. 2018-ல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. துண்டாக்கிய பிளாஸ்டிக்கைச் சூடான ஜல்லி மேல் தூவிப் பூச்சாகப் படியவைத்த பிறகே தாரை ஊற்ற வேண்டும். தாரின் எடையில் 6 முதல் 8 சதவீதம்தான் அளவு. பிவிசி கலக்கவே கூடாது. முறையாகச் செய்தால் கல்லிலிருந்து தார் பிரிவது குறையும். சாக்குக் கணக்கில் அள்ளிக் கொட்டுவது அந்த முறையே அல்ல.

தண்ணீர்தான் தார்த்தளத்தின் முதல் எதிரி. பத்தடிக்கு இரண்டரை முதல் மூன்று அங்குலம் வாட்டம் வேண்டும். அந்த வாட்டத்தை மண்ணிலும் வெட் மிக்ஸிலும் கொண்டுவர வேண்டும். மேல்தளத்தில் மட்டும் சரிக்கட்டினால் ஓரிடத்தில் 60 மி.மீ., இன்னோரிடத்தில் 15 மி.மீ. என்று கனம் மாறும். மெலிந்த இடம் முதலில் பெயரும். ஓரங்களில் கெர்ப் கல் பதித்தால்தான் விளிம்பு நொறுங்காது. இபி கேபிள், கேமரா ஒயர், தண்ணீர்க் குழாய் எல்லாவற்றுக்கும் உறைக்குழாய்களை முன்கூட்டியே போட்டுவிடுங்கள். போட்டு முடித்த தளத்தை வெட்டி ஒட்டுப்போட்டால் அந்த ஒட்டின் வழியாக மழை உள்ளே இறங்கும்.

வேலை நடக்கும் நாளில் உரிமையாளர் தரப்பில் ஒருவர் வெப்பமானியோடு நிற்பது அவசியம். வெட் மிக்ஸ் மேல் எமல்ஷன் (நீரில் கலந்த தார்) தெளித்து 24 மணி நேரம் விட வேண்டும். தார்க்கலவை பரப்புமுன் தெளிக்கும் ஒட்டுப்பூச்சு சதுர மீட்டருக்கு 200 முதல் 300 கிராம் போதும். அது பழுப்பு நிறத்திலிருந்து கறுப்பாக மாறிய பிறகே கலவையைப் பரப்பலாம். பழுப்பாக இருக்கும்போதே பரப்பினால் நீர் உள்ளே சிக்கி, மேல்தளம் அப்பளமாகப் பெயர்ந்து வரும். விஜி-30 கலவை பரப்பும்போது 140 டிகிரிக்குக் குறையக் கூடாது. ரோலர் வேலை 90 டிகிரிக்குக் கீழே இறங்குமுன் முடிய வேண்டும். விஜி-40 என்றால் 150, 100. டிப்பரில் தார்பாய் மூடியிருக்கிறதா என்று பாருங்கள். திறந்ததும் நீலப் புகை வந்தால் கலவையை அளவுக்கு மீறிச் சூடாக்கியிருக்கிறார்கள், தாரின் ஒட்டும் தன்மை எரிந்துபோயிருக்கும். கட்டிகட்டியாக விழுந்தால் ஆறிவிட்டது. இரண்டையும் திருப்பி அனுப்புங்கள். ஒரு டன் குட்டி ரோலரை வைத்து முழு வளாகத்தையும் முடிக்கப் பார்ப்பார்கள். 8 முதல் 10 டன் ரோலரும், பெரிய தளம் என்றால் டயர் ரோலரும் வேண்டும். ரோலர் சக்கரத்தில் கலவை ஒட்டாமலிருக்க டீசல் தடவும் வழக்கத்தை அனுமதிக்காதீர்கள். டீசல் தாரைக் கரைக்கும், தண்ணீர் போதும்.

கனத்தைச் சரிபார்க்க எடைச்சீட்டே போதுமான ஆதாரம். 10,000 சதுர அடிக்கு 40 மி.மீ. இறுகிய கனம் வர சுமார் 87 டன் கலவை தேவை. வந்த லோடுகளின் எடைச்சீட்டுகளைக் கூட்டிப் பார்த்து 55 டன்தான் என்றால் உங்களுக்குக் கிடைத்திருப்பது 25 மி.மீ. 'ஒன்றரை அங்குலம்' என்று வாய்ச்சொல்லாகப் பேசினால், உருட்டுவதற்கு முந்தைய கனத்தைச் சொன்னோம் என்பார்கள். 'உருட்டிய பின் 40 மி.மீ.' என்று எழுதுங்கள்.

தார் பொருந்தாத இடங்களும் உண்டு. பெட்ரோல் பங்கில் பம்ப் அருகிலும் டேங்கர் இறக்கும் இடத்திலும், பழுதுபார்க்கும் பட்டறை முன்பும் எரிபொருளும் எண்ணெயும் சிந்தும். அங்கே கான்கிரீட்தான் சரி. டிரெய்லரைக் கழற்றி இரும்புக் கால் ஊன்றி நிறுத்தும் இடத்துக்கும் அப்படியே. டூவீலர் சைடு ஸ்டாண்டு பதியும் வரிசைக்கு பேவர் பிளாக் நல்லது.

பழைய தளத்தின் மேல் திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டே போகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பழையதைச் சுரண்டி எடுத்த பிறகே புதிய தளம் போட வேண்டும் என்று அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு 2021-ல் அறிவுறுத்தியது அரசுச் சாலைகளுக்கு. தனியார் வளாகத்துக்கும் அது அப்படியே பொருந்தும். இல்லையென்றால் வாசற்படி தாழ்ந்து, மழைநீர் கட்டடத்துக்குள் வரும்.

பணத்தில் பத்து சதவீதத்தை ஒரு வடகிழக்குப் பருவமழை முடியும்வரை நிறுத்திவைக்கும் நிபந்தனையை ஒப்பந்தத்திலேயே சேர்த்துவிடுங்கள். மழை விட்டு ஒரு மணி நேரம் கழித்தும் தண்ணீர் தேங்கி நிற்கும் இடங்களைச் சாக்பீஸால் வட்டமிட்டுப் படமெடுத்து ஒப்பந்ததாரருக்கு அனுப்புங்கள். அந்த வட்டங்களைச் சதுரமாக வெட்டி எடுத்து, வெட்டிய விளிம்பில் ஒட்டுப்பூச்சு தடவி, சூடான கலவையால் நிரப்பி உருட்டித் தந்த பிறகு மீதியைக் கொடுக்கலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நெடுஞ்சாலைப் பொறியாளர்,
திருச்சி.