'டாக்டர் ஹூ' என்ற பிரிட்டிஷ் தொலைக்காட்சித் தொடரைப் பார்க்கும் நம் வட்டத்தின் 2025ஆம் ஆண்டுச் செயலாளர் அறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, நிர்வாகக் குழுவினரே, அன்பர்களே, வணக்கம்.

கடந்த ஆண்டுக்கான அறிக்கையைச் சபையின் முன் வைக்கிறேன். இன்று வராத உறுப்பினர்களுக்கும் இதன் படி தபாலில் போகும். அவர்கள் இதை முழுவதும் படிக்க வேண்டும். இதில் பெரும்பகுதி அவர்களைப் பற்றியது.

நிகழ்ச்சிகள்

மார்ச் 26ஆம் தேதி, தொடர் மீண்டும் தொடங்கியபோது வந்த முதல் அத்தியாயமான 'ரோஸ்' ஒளிபரப்பாகி இருபது ஆண்டுகள் நிறைந்ததையொட்டி அதைத் திரையிட்டோம். ஏப்ரல் 12 முதல் மே 31 வரை புதிய பருவத்தின் எட்டு அத்தியாயங்களையும் சனிக்கிழமைதோறும் கூடிப் பார்த்தோம். ஆகஸ்டில் கார்டிஃப் சென்று வந்தோம். அங்கே வளைகுடாக் கரையில், இதன் கிளைத் தொடரான 'டார்ச்வுட்'டில் இறந்துபோன இயான்டோ ஜோன்ஸுக்கு இரசிகர்கள் எழுப்பியிருக்கும் நினைவுச் சுவரின் முன் எல்லோரும் படமெடுத்துக்கொண்டோம். நவம்பர் 23ஆம் தேதி தொடரின் பிறந்தநாள். 1963இல் வந்த முதல் கதை பிபிசியின் இணையச் சேவையான ஐபிளேயரில் இல்லாததால் உறுப்பினர் ஒருவரின் டிவிடியில் பார்த்தோம். டிசம்பரில் மற்றொரு கிளைத் தொடரான 'தி வார் பிட்வீன் தி லேண்ட் அண்ட் தி சீ' தொடக்கத்தைப் பார்க்கக் கூடியவர்கள் மிகச் சிலரே.

ஜூன் மாதக் கூட்டம்

இதைப் பற்றி ஏற்கெனவே பல வகையாகப் பேசப்பட்டுவிட்டது. நடந்ததைச் செயலாளர் என்ற முறையில் பதிவு செய்வது என் கடமை.

பருவம் முடிந்த கையோடு, காலத்திலும் விண்வெளியிலும் பயணிக்கும் டாக்டரோடு கூடச் செல்லும் உடன்பயணிகள் மாற்றப்பட்டது குறித்து விவாதம் வைத்திருந்தோம். தலைப்பை முன்மொழிந்தவன் நான்தான். விவாதிக்கப் பொருள் நிறையவே இருந்தது. மில்லி கிப்சன் நடித்த ரூபி சன்டேயின் முதல் முழுப் பருவம் 2024 மே மாதம் தொடங்குவதற்கு முன்பே, அடுத்த உடன்பயணியாக வரடா சேது வருகிறார் என்று பிபிசி அறிவித்துவிட்டது. ஒருவரைப் பார்த்துப் பழகுமுன்னே அவருக்குப் பின் வருபவரின் பெயர் காதில் விழுந்தால் பார்ப்பவர் மனம் எப்படி ஒட்டும்? இந்தக் கேள்வியை எழுப்பியவர்கள் நியாயமாகவே எழுப்பினார்கள்.

வரடா சேது கேரளத்தில் பிறந்து நியூகாசிலில் வளர்ந்தவர். நம் உறுப்பினர்களில் பலர் அவரைத் தம் வீட்டுப் பெண்ணாகவே கொண்டாடினார்கள். அதிலும் பிழை இல்லை. டாக்டரின் கால இயந்திரமான டார்டிஸின் கதவைத் திறந்துகொண்டு வெளியே வரும் ஒரு தாதியின் முகம் நம் மருத்துவமனைகளில் நாம் அன்றாடம் பார்க்கும் முகமாக இருந்தது நம் பிள்ளைகளுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்பதை இந்த அறையிலேயே கண்டேன்.

ஆனால் அன்று பேச்சு கதையை விட்டு விலகியது. ஒரு சாரார், வரடா சேது நடித்த பெலிண்டாவைக் குறை சொன்னாலே அது இனத்தின் மீதான வெறுப்பு என்றார்கள். மறுசாரார், அந்த நடிகைக்கு அந்த இடம் தகுதியால் கிடைத்ததா என்று கேட்கத் தொடங்கினார்கள். நடிகையின் மீது பேச்சு திரும்பிய அந்தக் கணத்தில் நான் கூட்டத்தை நிறுத்தினேன். தேநீருக்குக்கூட இருக்காமல் ஒரு பகுதியினர் எழுந்து போனார்கள். பலர் அதன் பிறகு வரவே இல்லை. நான் நிறுத்தியது சரிதான். மறுபடி அப்படி ஒரு நிலை வந்தால் மறுபடியும் நிறுத்துவேன்.

காரணத்தையும் சொல்கிறேன். வேலைக்கு எடுக்கப்பட்டவர் தம் வேலையைச் செய்கிறார். எழுதுபவர்கள் அவருக்கு என்ன கொடுத்தார்கள் என்பதைத்தான் நாம் கேட்க வேண்டும். 'தி ரோபோட் ரெவல்யூஷன்' அத்தியாயத்தில், தன் அனுமதி இல்லாமல் தன் மரபணுவைச் சோதித்த டாக்டரை நேருக்கு நேர் கண்டிக்கிறாள் பெலிண்டா. சாகசத்துக்கு ஏங்காமல், வீட்டுக்குப் போக வேண்டும் என்று முதல் நாளே உறுதியாகச் சொல்லும் உடன்பயணி. எத்தனை புதுமையான தொடக்கம்! அந்தப் பெண்ணைக் கடைசி அத்தியாயத்தில் என்ன செய்தார்கள்? அவளுக்குப் பாப்பி என்ற மகளைக் கொடுத்து, அவள் வீடு திரும்பத் துடித்ததே அந்தக் குழந்தைக்காகத்தான் என்று நடந்ததையெல்லாம் திருத்தி எழுதிவிட்டார்கள். தனக்கென ஒரு வாழ்க்கை இருந்தது, அதற்காகவே திரும்ப விரும்பினாள் என்பது போதாதா? என் கோபம் அங்கே இருக்கிறது. எழுந்து போன அன்பர்களின் கோபமும் உள்ளபடியே அங்கேதான் இருந்தது என்று நம்புகிறேன். அதைச் சொல்லத்தான் அன்று மேடை இருந்தது.

ஆள் மாறுவதால் தொடர் கெட்டுவிடும் என்பதை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன். நாம் எல்லோரும் நெஞ்சில் வைத்திருக்கும் உடன்பயணி சாரா ஜேன் பாத்திரத்துக்கே முதலில் ஒப்பந்தமானவர் ஏப்ரல் வாக்கர். அவரை மாற்றிய பிறகுதான் எலிசபெத் ஸ்லேடன் வந்தார். 1978இல் மேரி டாம் ரொமானாவாக வந்தார். அடுத்த ஆண்டே, டாக்டரைப் போலவே உருமாறக்கூடிய அதே ரொமானா லாலா வார்டின் முகத்தோடு வந்தாள். அந்த லாலா வார்டு அதற்குச் சில மாதங்கள் முன்பு வேறொரு கதையில் இளவரசியாக நடித்தவர். ஃப்ரீமா அகியெமனும் கேரன் கில்லனும் முதலில் சிறு வேடங்களில் தலைகாட்டிவிட்டு, பிறகு உடன்பயணிகளாக வந்தவர்கள். கேத்தரின் டேட் 2008இல் டோனாவாக முழுப் பருவத்துக்கும் வருகிறார் என்றபோது, நகைச்சுவை நடிகைக்கு இங்கே என்ன வேலை என்று முணுமுணுத்தவர்கள் எத்தனை பேர்! டோனாவின் நினைவுகளை டாக்டர் அழிக்கும் காட்சியில் அழுதவர்களும் அவர்கள்தான்.

பிரிவுப் பதிவேடு

ஜூன் கூட்டத்துக்குப் பின் நான் தொடங்கிய பணி இது. இதற்கு ஏன் இவ்வளவு நேரமும் வட்டத்தின் பணமும் என்று குழுவில் கேட்கப்பட்டதால் விரிவாகவே பதில் சொல்கிறேன்.

1963 முதல் இன்றுவரை வந்த ஒவ்வொரு உடன்பயணியும் எப்படி வந்தார், எப்படிப் போனார், போகும்போது அவருக்கு உரிய விடை கொடுக்கப்பட்டதா என்று ஒரு பேரேட்டில் கையால் எழுதி வருகிறேன். எழுத எழுத ஒன்று தெளிவாயிற்று. புதியவர் வருவதால் இரசிகர்களுக்கு நேரும் வலி சிறியது, அது சில வாரங்களில் ஆறிவிடும். பழையவரை ஒழுங்காக வழியனுப்பாததால் வரும் வலி பல பத்தாண்டுகள் நிற்கிறது. அந்தப் பழைய வலியைத்தான் புதிதாக வரும் நடிகையின் தலையில் இறக்கிவைக்கிறோம்.

சில பதிவுகளை மட்டும் இங்கே சொல்கிறேன். காதரினா, 1965. ட்ராயைச் சேர்ந்த பணிப்பெண். பழங்காலத்துப் பெண்ணை வைத்து எழுதுவது கடினம் என்று கண்டு சில வாரங்களுக்குள் விண்வெளியில் சாகடித்துவிட்டார்கள். டோடோ, 1966. கதையின் நடுவே ஓய்வெடுக்கக் கிராமத்துக்கு அனுப்பப்பட்டாள். லண்டனிலேயே தங்கிவிடுகிறேன் என்ற அவளுடைய செய்தியைக் கடைசியில் பாலி (Polly) என்ற வேறொரு பெண் வந்து சொல்கிறாள். அவ்வளவுதான். லிஸ் ஷா, 1970. கேம்பிரிட்ஜ் விஞ்ஞானி, அறிவில் டாக்டருக்குப் பக்கத்தில் நிற்கக்கூடியவள். கேள்வி கேட்டுக்கொண்டிருக்கும் ஒருவர்தான் வேண்டும் என்று தயாரிப்பாளர் பேரி லெட்ஸ் கருதியதால் அடுத்த பருவத்தில் அவள் இல்லை. கேம்பிரிட்ஜுக்குத் திரும்பிவிட்டாள் என்று டாக்டரோடு பணியாற்றும் ராணுவ அதிகாரியான பிரிகேடியர் ஒரு வசனத்தில் சொல்லிவிட்டுப் போகிறார். கரோலின் ஜானின் நடிப்புக்கு இதுவா மரியாதை?

1982இல் உடன்பயணி ஏட்ரிக் இறந்தபோது கடைசிப் பெயர்ப்பட்டியலை இசையில்லாமல் ஓடவிட்டார்கள். அந்தப் பையனைப் பிடிக்காதவர்களும் அந்த மௌனத்தை மறக்கவில்லை. வழியனுப்புவதற்குப் பெரும் செலவு வேண்டியதில்லை என்பதற்கு அதுவே சான்று.

சாரா ஜேனின் பக்கம்தான் பதிவேட்டிலேயே நீளமானது. 1976இல் அவளை டாக்டர் தெருவில் இறக்கிவிட்டுப் போகிறார். அவளுடைய ஊரான தெற்குக் குரோய்டன் என்று சொல்லி இறக்கிவிடுகிறார், அது அந்த இடமே இல்லை. முப்பது ஆண்டுகள் கழித்து 2006இல், 'ஸ்கூல் ரீயூனியன்' கதையில், அது ஏபர்டீன் என்று அவளே சொல்கிறாள். இம்முறையாவது வாய் திறந்து விடைபெற்றுப் போகும்படி டாக்டரிடம் கேட்கிறாள். அவரும் சொல்கிறார். ஸ்லேடன் 2011இல் மறைந்தார். அந்தக் காட்சி எழுதப்படாமலே போயிருந்தால் எவ்வளவு பெரிய இழப்பு என்று நினைத்துப் பாருங்கள்.

சூசனின் பக்கத்தை இன்னும் மூடவில்லை. டாக்டரின் பேத்தி, முதல் கதையிலேயே இருந்தவள். 1964 டிசம்பர் 26 அன்று, டாக்டரின் பரம எதிரிகளான டாலெக்குகள் சிதைத்த லண்டனில் அவளை வெளியே நிற்கவைத்து டார்டிஸின் கதவைப் பூட்டிக்கொண்டு, ஒருநாள் திரும்பி வருவேன் என்று சொல்லிவிட்டுப் போனார் டாக்டர். 1983இன் இருபதாம் ஆண்டுச் சிறப்புக் கதைக்கு அவள் வந்து போனாள். கடந்த மே 17ஆம் தேதி நாம் 'தி இன்டர்ஸ்டெல்லார் சாங் கான்டெஸ்ட்' பார்த்துக்கொண்டிருந்தபோது சூசனாக நடித்த கரோல் ஆன் ஃபோர்டின் முகம் திரையில் தோன்றியது. நம் மூத்த உறுப்பினர்கள் சிலர் நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டார்கள். இரண்டு வாரம் காத்திருந்தோம். பருவம் முடிந்தது, டாக்டர் பேத்தியைத் தேடிப் போகவில்லை. கடைசிக் காட்சியில் டாக்டர் உருமாறியபோது, முன்பு ரோஸாக நடித்த பில்லி பைப்பரின் முகம் வந்தது, பெயர்ப்பட்டியலில் அவர் அறிமுகம் என்று மட்டும் போட்டார்கள். ஊரெல்லாம் அதைப் பற்றியே பேசியது. நான் சூசனை எண்ணிக்கொண்டிருந்தேன். இந்தப் பதிவேட்டுக்கு விதை விழுந்தது அன்றிரவுதான்.

கணக்கு

பொருளாளர் விவரமான கணக்கைத் தனியே வைப்பார். வரவும் செலவும் ஏறத்தாழச் சமமாக நிற்கின்றன. மண்டப வாடகை கூடியிருக்கிறது. கார்டிஃப் பயணத்தில் விழுந்த சிறு பற்றாக்குறையைப் பழைய கையிருப்பிலிருந்து ஈடுகட்டினோம். பேரேடு, பழைய இதழ்கள், டிவிடிகள் ஆகியவை பல்வகைச் செலவு என்ற தலைப்பில் வருகின்றன. அவை அனைத்தும் வட்டத்தின் சொத்து. அலமாரியின் சாவி தலைவரிடமும் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம்.

சந்தா பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஜூன் மாதத்துக்குப் பிறகு வராதவர்களில் பெரும்பாலோர் சந்தாவும் கட்டவில்லை. விலகல் கடிதமும் கொடுக்கவில்லை. பெயர் பட்டியலில் இருக்கிறது, நாற்காலி காலியாக இருக்கிறது. தொலைபேசியில் அழைத்தால், வேலை அதிகம், பிள்ளைகளுக்குப் பரீட்சை என்று பதில் வருகிறது. உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் கருத்து வேறுபாட்டால் ஒதுங்கியிருப்பவர்கள் அதை நேரில் வந்து சொல்ல வேண்டும். சொல்லாமல் கொள்ளாமல் ஒருவரைக் கதையிலிருந்து நீக்கியதற்காக 1966ஆம் ஆண்டுத் தயாரிப்பாளர்களை இன்னமும் குறை சொல்கிறோம். நமக்குள் அதையே செய்துகொள்ளலாமா?

நன்றி

தலைவருக்கும், கணக்கைச் சீராக வைத்திருக்கும் பொருளாளருக்கும், புரொஜெக்டர் கொடுத்துதவிய தம்பிக்கும், ஒவ்வொரு கூட்டத்துக்கும் வடையும் தேநீரும் கொண்டுவந்த அக்காமாருக்கும், கூட்டம் நேரம் கடந்தபோதும் பொறுத்துக்கொண்ட மண்டபக் காவலாளிக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு

தொடரைப் பிபிசியோடு சேர்ந்து தயாரித்த டிஸ்னி பிளஸ் அந்தக் கூட்டிலிருந்து விலகிவிட்டது. 2026 கிறிஸ்துமஸுக்கு ரசல் டி டேவிஸ் எழுதும் சிறப்பு அத்தியாயம் உண்டு என்று பிபிசி அறிவித்திருக்கிறது. ஆகவே சனிக்கிழமைதோறும் புதிய அத்தியாயம் என்ற ஈர்ப்பு அடுத்த ஆண்டு நமக்கு இல்லை. கூட்டம் இன்னும் குறையும் என்று குழுவில் சிலர் அஞ்சுகிறார்கள். எனக்கு வேறு விதமாகத் தோன்றுகிறது. பழைய கதைகளை வரிசையாகப் பார்த்து, மாதம் ஓர் உடன்பயணி என்று வைத்து, பதிவேட்டை எல்லோரும் சேர்ந்து நிரப்பலாம். லிஸ் ஷாவை விரும்பும் ஒருவர் அவள் பக்கத்தை எழுதட்டும். பெலிண்டாவின் பக்கத்தை நான் வேண்டுமென்றே காலியாக விட்டிருக்கிறேன். ஜூன் மாதத்தில் ஒருவரையொருவர் எதிர்த்துப் பேசிய இரு தரப்பினரும் வந்து அதை எழுத வேண்டும். இருவருடைய எழுத்தும் ஒரே பக்கத்தில் இருக்க வேண்டும்.

செயலாளர் பதவிக்கு இன்று தேர்தல். சபை விரும்பினால் இன்னும் ஓராண்டு தொடர்வேன். மண்டபத்தை முன்பதிவு செய்வதும் கடிதம் எழுதுவதும் ஒருவரால் ஆகிற காரியம்தான். ஆனால் பதிவேடு ஒருவர் கையெழுத்திலேயே முடிந்துவிடக் கூடாது, அதனால் துணைச் செயலாளர் ஒருவரையும் தேர்ந்தெடுக்குமாறு வேண்டுகிறேன். சந்தாப் படிவங்கள் பின்வாசல் மேசையில் உள்ளன. கடந்த ஆண்டு நிலுவையை இரண்டு தவணையாகக் கட்டவும் குழு ஒப்புக்கொண்டுள்ளது. வராத அன்பர்களுக்கு இந்த அறிக்கையோடு ஒரு படிவமும் இணைக்கப்படும், அஞ்சல்தலை ஒட்டிய உறையுடன்.

இந்த அறிக்கையை ஏற்று நிறைவேற்றித் தருமாறு சபையைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்