முழங்கைக்கு ஜூலு மொழியில் என்ன?

டர்பன், தென்னாப்பிரிக்கா
14 செப்டம்பர் 2025

மாப்ளே சேகர்,

நாலு மாசமாகப் பதில் இல்லை என்று நீ திட்டி அனுப்பிய குரல் செய்தியை மூன்று தடவை கேட்டேன். மூன்றாவது தடவை கேட்டது பின்னால் வந்த உங்கள் வீட்டுக் குக்கர் சத்தத்துக்காக. தப்பு என்மேல்தான். இங்கே எல்லோரும் நலம். சின்னவளுக்கு விழுந்த முன்பல் திரும்ப முளைத்துவிட்டது. அப்பாவுக்குச் சர்க்கரை இப்போது எவ்வளவு என்று எழுது. கேப்டன் மறுபடியும் கடை திறக்கிறானாமே? இந்தத் தடவையாவது திறப்பு விழாவுக்கு ஆடு வாங்க வேண்டாம் என்று சொல்லிவை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பத்து நாளாக யாரிடமாவது சொல்லிவிட வேண்டும் என்று இருக்கிறது. வீட்டில் சொன்னேன். "நீங்க என்ன பண்ண முடியும்" என்று முடித்துவிட்டாள். நீ அப்படியில்லை, கடைசிவரை கேட்டுவிட்டுத்தான் திட்டுவாய்.

எங்கள் கடைத் தையல்காரர், மலாவி என்ற ஆப்பிரிக்க நாட்டுக்காரர், ஞாபகம் இருக்கிறதா? வீடியோவில் உனக்கு வணக்கம் சொன்னாரே, என்னைவிட நல்ல தமிழ் என்று நீகூடக் கிண்டல் அடித்தாய். அவருடைய நாலு வயசுப் பையனுக்கு மூன்று நாளாகக் காய்ச்சல். அவருக்கு லீவு கிடைக்கவில்லை என்று தாயையும் பிள்ளையையும் நானே காரில் ஏற்றிக்கொண்டு எங்கள் வட்டாரத்து அரசு கிளினிக்குக்குப் போனேன். காலை ஆறரை மணி. வாசலில் ஏழெட்டுப் பேர், முக்கால்வாசி பெண்கள். நர்சும் இல்லை, போலீசும் இல்லை. தாங்களாக வந்து நின்று, உள்ளே போகிற ஒவ்வொருவரிடமும் அடையாள அட்டை கேட்கிறார்கள், வெளிநாட்டுக்காரர்களைத் திருப்பி அனுப்ப. இந்த ஊரில் இந்த வருஷம் நடுவிலிருந்து இதுதான் நடக்கிறது. பேப்பரில் படித்திருந்தேன். படிப்பது வேறு.

தாயை நிறுத்தினார்கள். அவள் கைப்பைக்குள் துழாவினாள். காலாவதியான பாஸ்போர்ட்டை எடுத்தால் வம்பு என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஒருத்தி ஜூலுவில் ஏதோ கேட்டாள். இவள் இரண்டு வார்த்தை சொன்னதுமே உச்சரிப்பு காட்டிக்கொடுத்துவிட்டது. "உங்க ஊர் ஆஸ்பத்திரிக்குப் போ." பையன் என் தோளில் தூங்கிக்கொண்டிருந்தான், சட்டைக்கு மேலேயே சுடுகிறது. அப்புறம் அந்தப் பெண் என் பக்கம் திரும்பினாள். நானும் என் பாஸ்போர்ட்டை எடுக்கலாம் என்று பாக்கெட்டில் கை வைத்தேன். அவள் நகர்ந்து வழி விட்டாள். "நீங்க போங்க, அங்கிள்."

புரிகிறதா? என் முகத்தைப் பார்த்து உள்ளூர் இந்தியன் என்று நினைத்துவிட்டாள். அந்த வாசலில் நின்றவர்களில் பையனின் தாயைப் போலவே நானும் வெளிநாட்டான். மூன்று வருஷ வேலை விசாவில் ஓடிக்கொண்டிருப்பவன். "என்னையும் கேளம்மா" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. காரைத் திருப்பினேன். தனியார் டாக்டர், காதில் சீழ், மருந்தோடு 600 ராண்ட். பையன் தேறிவிட்டான். நான்தான் தேறவில்லை.

2008 மே மாதக் கலவரத்தில் ஒரு பரீட்சை வைத்தார்களாம். ஜோகன்னஸ்பர்க்கில் அலெக்சாண்ட்ரா என்ற குடியிருப்பில் ஆரம்பித்து நாடு முழுக்கப் பரவியது. கும்பல் ஆளைப் பிடித்து முழங்கையைத் தொட்டுக்காட்டி, இதற்கு ஜூலுவில் என்ன என்று கேட்கும். 'இண்டொலொல்வானே' என்று சரியாகச் சொல்ல வேண்டும். திணறினால் வெளிநாட்டான். மொத்தம் 62 பேர் செத்தார்கள், அதில் 21 பேர் இந்த நாட்டுக் குடிமக்களே. ஜூலு சரளமாக வராத இந்த நாட்டு ஷாங்கான், வெண்டா இன ஜனங்களையும் வெளியாள் கணக்கில் சேர்த்துவிட்டார்கள். அன்று ராத்திரி நான் கண்ணாடி முன் நின்று அந்த வார்த்தையைச் சொல்லிப் பார்த்தேன். வரவில்லை.

நீ உடனே சட்டம் என்ன செய்கிறது என்பாய். சட்டத்துக்கு ஒரு குறையும் இல்லை. அவசர சிகிச்சை யாருக்கும் மறுக்கக்கூடாது என்று அரசியல் சாசனம் 27-வது பிரிவிலேயே இருக்கிறது. ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் அரசு ஆஸ்பத்திரியில் இலவசம் என்றும் சட்டம் இருக்கிறது. எல்லாம் கிளினிக் வாசலுக்கு உள்ளே.

மறுநாள் சண்டை போடுகிற உத்தேசத்தில்தான் திரும்பப் போனேன். அதே பெண்மணி பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார், வயசு அறுபது இருக்கும். காலை நாலரைக்கே வந்து வரிசை பிடிப்பாராம், சர்க்கரை மாத்திரை பாதி நாள் தீர்ந்திருக்குமாம். மூன்று பையன்கள், மூவரும் பள்ளிக்கூடம் முடித்தவர்கள், ஒருவனுக்கும் வேலை கிடையாது. இந்த நாட்டில் வேலையில் இருப்பவர், வேலை தேடுபவர் எல்லோரையும் சேர்த்து எண்ணினால் மூன்று பேரில் ஒருவருக்கு வேலை இல்லை. 15 வயதிலிருந்து 24 வரை எடுத்தால் பத்துக்கு ஆறு பேர். நான் கெட்டிக்காரன் மாதிரி 2022 மக்கள்தொகைக் கணக்கைச் சொன்னேன். 6.2 கோடிப் பேரில் வெளிநாட்டில் பிறந்தவர்கள் 24 லட்சம்தான், நூறு பேரில் நாலு பேர்கூட முழுசாக இல்லை என்று. அவர் டீயை ஊதிக்கொண்டே, "உங்க கடையில எத்தனை பேர்?" என்றார்.

வாயடைத்துவிட்டேன். எங்கள் கடையில் பதினொன்றில் ஏழு பேர் வெளிநாட்டுக்காரர்கள். ஏன் என்று என்னைவிட யாருக்கும் நன்றாகத் தெரியாது, சம்பளக் கணக்கு எழுதுவது நான்தானே. இந்த 2025-ல் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 28 ராண்ட் 79 சென்ட். அந்தத் தொகைக்குத்தான் கையெழுத்து வாங்குகிறோம். கவரில் போடுவது 17. உள்ளூர்ப் பையனை வைத்தால் மறுநாளே தொழிலாளர் அலுவலகத்தில் போய் நிற்பான். மலாவிக்காரர் எங்கே போய் நிற்பார்? நீ உங்கள் ஊர் பனியன் கம்பெனிகளைத் திட்டும்போது சொல்வாயே, வெளியூர் ஆள் என்றால் எதிர்த்துப் பேசாத ஆள் என்று அர்த்தம் என்று. அதே கணக்குத்தான் இங்கேயும். முதலாளிக்கு லாபம், அந்த அம்மாவின் பையனுக்குக் கோபம், தையல்காரருக்கு அடி. பேனா மட்டும் என் கையில்.

தையல்காரரின் ஊர் மங்கோச்சி, மலாவி ஏரிக்கரை. அவருடைய தாத்தா 'வெனேலா' போனவர். தங்கச் சுரங்கங்களுக்கு ஆள் பிடித்த கம்பெனியின் சுருக்கப் பெயர் அது. அவர்கள் ஊரில் தென்னாப்பிரிக்கா போவதற்கே அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது, அங்கே பிளாண்டயர் நகரத்துப் பஸ் நிலையத்துக்குக்கூட வெனேலா என்றுதான் பெயர். 1974-ல் சுரங்கத் தொழிலாளிகளை ஏற்றிக்கொண்டு போன விமானம் போட்ஸ்வானாவில் பிரான்சிஸ்டவுனில் விழுந்து எழுபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். அப்போதைய மலாவி அதிபர் பண்டா ஆள் அனுப்புவதையே நிறுத்தினார். ஆனால் வீட்டில் பழகிப்போன வழி, அரசாங்கம் மூடினால் மூடிவிடுமா? புகையிலையை விட்டால் அந்த நாட்டுக்கு டாலர் கொண்டுவர வேறு பெரிய பயிர் இல்லை. 2023-ல் ஃப்ரெடி புயல் ஊரை அடித்துப்போட்டது, அதே வருஷம் நவம்பரில் டாலர் விலை ஒரே நாளில் 44 சதவீதம் ஏறும்படி அவர்கள் பணத்தின் மதிப்பைக் குறைத்தார்கள். இவர் அனுப்புகிற காசில் ஒன்பது பேர் சாப்பிடுகிறார்கள்.

கடை வாசலில் கார் பார்த்துக்கொள்கிறவர் காங்கோ, புக்காவு. அங்கே ஸ்கூல் வாத்தியார். இந்த பிப்ரவரியில் எம்23 கிளர்ச்சிப்படை அவருடைய ஊரைப் பிடித்தது. அவர் எங்கேயும் திரும்பிப் போக முடியாது. அவரைப் பற்றி இன்னொரு நாள் எழுதுகிறேன், அது தனிக் கதை.

எங்கள் வீட்டுக்கார அம்மாவைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். வயசு எண்பது. பாட்டனுக்குப் பாட்டன் 1860-ல் மதராசிலிருந்து கரும்புத் தோட்டத்துக்குக் கூலி ஆட்களை ஏற்றி வந்த ட்ரூரோ கப்பலில் இருந்த 342 பேரில் ஒருவர் என்று அவர் சாதிப்பார், டர்பனில் பாதிப் பேர் அப்படித்தான் சொல்லிக்கொள்கிறார்கள். 1949 ஜனவரிக் கலவரத்தில், கரும்புக் கூலிகளின் பேரப்பிள்ளைகளை ஜூலுக்கள் அடித்தபோது, அவருக்கு நாலு வயசு. பக்கத்து வீட்டு ஜூலு அம்மாள்தான் கட்டிலுக்கு அடியில் ஒளித்துவைத்தாராம். 142 பேர் செத்த கலவரம். இதையெல்லாம் கண் கலங்கச் சொல்லிவிட்டு, கிளினிக் கதையைக் கேட்டதும், "அவங்க செய்யிறதும் சரிதான் பாலு, ஆளு ரொம்ப வந்துட்டாங்க" என்றார். கையில் எனக்கு வைத்த பாயசம் வேறு.

தையல்காரருக்கு இது முதல் தடவை இல்லை. 2015-ல் ஜூலு மன்னர் வெளிநாட்டுக்காரர்கள் மூட்டையைக் கட்ட வேண்டும் என்று பேசிய சில வாரங்களில் அடி விழுந்தது. சாட்ஸ்வொர்த் மைதானத்தில் போட்ட கூடாரத்தில் இரண்டு வாரம் இருந்து, மலாவி அரசாங்கம் அனுப்பிய பஸ்சில் ஊருக்குப் போனார். ஆறு மாசத்தில் திரும்பி வந்தார். இந்தத் தடவை பெண்டாட்டி பிடிவாதம் பிடித்துவிட்டாள், போன வெள்ளிக்கிழமை மூவரும் கிளம்பிவிட்டார்கள்.

பஸ் ஏற்றிவிடப் போனேன். சுற்றிலும் கட்டம் போட்ட நைலான் பைகள், நம் ஊர்ச் சந்தையில் விற்குமே, அதேதான். அதற்கு மேற்கு ஆப்பிரிக்காவில் 'கானா மஸ்ட் கோ' என்று பெயர், கானாக்காரனே போய்விடு என்று. 1983-ல் எண்ணெய் விலை சரிந்ததும் நைஜீரியா இரண்டே வாரம் கெடு கொடுத்து லட்சக்கணக்கான கானாக்காரர்களைத் துரத்தியபோது அவர்கள் சாமானை அள்ளிப்போட்ட பை. அதற்குப் பதினாலு வருஷம் முன்னால் கானா நைஜீரியர்களைத் துரத்தியிருந்தது. பை ஒன்றுதான், தூக்குகிற கை மாறுகிறது.

ஏறும்போது என்னைக் கட்டிக்கொண்டு, "பம்போ, மெஷினை எண்ணெய் போட்டு வைங்க" என்றார். பம்போ என்றால் அவர்கள் பேச்சில் ஐயா. அவருடைய தையல் மெஷின் இப்போது எங்கள் ஹாலில், சின்னவள் அதன் மேல் ஹோம்வொர்க் எழுதுகிறாள். நீ சிங்கர் ஏஜென்சியில் மூன்று வருஷம் குப்பை கொட்டியவன், எத்தனை நாளைக்கு ஒரு தடவை எண்ணெய் விட வேண்டும் என்று எழுது.

நாளைக்குச் சம்பளப் பட்டியலில் அவர் பெயரை அடித்துவிட்டுப் புது ஆளை எழுத வேண்டும். முதலாளி சனிக்கிழமையே ஆள் பிடித்துவிட்டார். அவருக்கும் மங்கோச்சிதான். மணிக்கு 16 போதும் என்றாராம்.

அப்பாவைக் கேட்டதாகச் சொல். சர்க்கரை எவ்வளவு என்று மறக்காமல் எழுது.

பாலு