வராதவர்களின் சம்பளம்

அன்புள்ள கயல்,

"இந்த நாட்டில் எல்லோரும் திருடர்கள்தான், எதுவும் மாறாது" என்று ருமேனியத் தலைநகர் புகாரெஸ்ட்டில் உன்னோடு வேலை பார்ப்பவர்கள் சலித்துக்கொள்வதாக எழுதியிருந்தாய். 2017 பிப்ரவரியில் எங்கே நின்றீர்கள் என்று அவர்களைக் கேட்டுப் பார்.

அந்த ஆண்டு ஜனவரி 31 இரவு அங்கே ஓர் அவசரச் சட்டம் வந்தது. பதவியைத் தவறாகப் பயன்படுத்தியதால் வந்த நட்டம் 2,00,000 லேய்க்கு (அந்நாட்டு நாணயம்) குறைவென்றால் அது குற்றமே அல்லவாம். அன்றிரவே ஜனங்கள் தெருவுக்கு வந்துவிட்டார்கள். "இரவில், திருடர்களைப் போல" என்று முழங்கினார்கள். பிப்ரவரி 5 அன்று நாடெங்கும் ஐந்து லட்சம் பேர் திரண்டதாகச் செய்தி. அரசு சட்டத்தைத் திரும்பப் பெற்றது.

படத்தில் பார்க்க அந்தக் கூட்டம்தான் அழகு. கணக்குத் தணிக்கையிலேயே தலை நரைத்த எனக்குப் பிடித்தது வேறு. லிவியு ட்ராக்னியா அப்போது அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்த ஆளுங்கட்சியின் தலைவர், நாடாளுமன்றக் கீழவைக்கும் அவரே தலைவர். அவ்வளவு பெரிய மனிதரைச் சிறைக்கு அனுப்பியது இரண்டு பெண்களின் மாதச் சம்பளம்! முன்பு அவர் தெலியோர்மான் மாவட்ட மன்றத் தலைவராக இருந்தபோது, குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்தில் அவர்கள் பெயர் இருந்தது, சம்பளமும் போனது, உழைத்ததோ கட்சிக்கு. படித்ததும் சிரித்துவிட்டேன். வராதவர் பெயரை வருகைப் பதிவேட்டில் (மஸ்டர் ரோல்) எழுதும் திருட்டுக்குத் தேசம் ஏது! 2019 மே 27-ல் மூன்றரை ஆண்டுத் தண்டனை உறுதியானது. யாரோ ஒருவர் பொறுமையாக உட்கார்ந்து பதிவேட்டையும் ஆளையும் ஒத்துப் பார்த்திருக்கிறார், கயல். அந்த ஆளின் பெயர் எந்தச் செய்தியிலும் வராது.

அங்குள்ள ஊழல் தடுப்பு இயக்ககத்தை 2013 முதல் நடத்திய லாரா கொட்ரூட்சா கொவெஷியை 2018-ல் பதவியிலிருந்து நீக்கினார்கள். அது அவருடைய உரிமையை மீறிய செயல் என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2020-ல் தீர்ப்பளித்தது. அதற்குள் அவர் ஐரோப்பிய ஒன்றியத்தின் முதல் தலைமை வழக்குரைஞராகிவிட்டார். அதற்காக அவரைத் தெய்வமாக்கிவிடாதே. அவருடைய இயக்ககமும் செய்துவந்தது போல, குற்ற வழக்குகளில் ஒட்டுக்கேட்கும் வேலையை உளவுத்துறையிடம் விடுவது செல்லாது என்று அங்குள்ள அரசியல் சாசன நீதிமன்றமே 2016-ல் சொல்லியிருக்கிறது.

அடுத்த மாதம் முதல் சம்பளப் பட்டியல் உன் கைக்கு வருகிறது என்கிறாய். பட்டியலில் உள்ள ஒவ்வொருவரையும் ஒருமுறையாவது நேரில் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடு. ஆளைக் காணவில்லை என்றால் வாய்வார்த்தையை ஏற்காதே, எழுத்தில் கேள்.

அன்புடன்,
அம்மா